லேக் மார்க்கெட்டில் நான் பேசிய இரண்டே வார்த்தை

பார்கவி அக்காவின் வலைப்பதிவில் ஒவ்வொரு இடுகைக்கும் அடியில் நன்றி என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் மௌமிதா என்ற பெயர் மொத்தம் பதினொரு தடவை வந்திருந்தது. ஆமாம், எண்ணினேன். என் பெயரும் ஒரு தடவையாவது அங்கே வரவேண்டும் என்றுதான் 2008 ஜனவரியில் கொல்கத்தாவுக்கு டிக்கெட் போட்டேன். ஊர் சுற்றப் போகிறேன் என்று வீட்டில் சொன்னது பொய்.

தெரியாதவர்களுக்காக: பார்கவி அக்கா கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அக்கா செயற்கைக் கை செய்யும் ஆராய்ச்சியில் இருக்கிறார். முன்கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு தசையை இறுக்கினால் அந்தக் கையின் விரல்கள் மூடும். எந்தத் தசையை இறுக்குவது என்று சொல்லித்தரும் கணினித் திரையும் அவருடைய வடிவமைப்புதான். மௌமிதா பெஹாலாவில் பள்ளி ஆசிரியை. அதே பட்டையை வகுப்புக்குக் கொண்டுபோய்த் தசைப் பாடம் நடத்துகிறார். நான் தாம்பரத்தில் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் நானாகவே டிசைன் கற்றவன். அக்காவின் திரையில் ஒரே ஒரு பச்சைக் கோடுதான் ஏறி இறங்கும். அதைவிட நூறு மடங்கு அழகாக நான் ஒன்று செய்து பென் டிரைவில் வைத்திருந்தேன்.

சென்னை சென்ட்ரலில் காலை எட்டே முக்காலுக்கு ரயில். ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். ஸ்லீப்பரில் மேல் பர்த் எடுங்கள், பகலிலும் படுக்கலாம். மறுநாள் மதியம் ஹவுராவில் இறங்கி, ஐந்து ரூபாய்க்குப் பேருந்தில் எஸ்பிளனேட், அங்கிருந்து ஆறு ரூபாய்க்கு மெட்ரோவில் காளிகாட். தமிழர்கள் நிறைய வசிக்கும் லேக் மார்க்கெட் அங்கிருந்து நடக்கிற தூரம். தெருவில் இறங்கியதுமே காபிப்பொடி வாசனை வந்துவிட்டது.

மூன்றரை மணிக்கு அக்காவின் திரைக்குச் சோதனை. பார்க்க வரலாமா என்று மின்னஞ்சலில் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். இடம், செண்பகம் அக்காவின் முறுக்குக் கடைக்குப் பின்னால் உள்ள அறை. திருநெல்வேலிக்காரர். ஒரு விபத்தில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அன்றுதான் முதன்முதலாகப் பட்டையைக் கட்டுகிறார். சுவரோரம் நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு மௌமிதா. என் வயதுதான் இருக்கும். அந்த நாற்காலியைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

பார்கவி அக்கா என்னிடம் சொன்னார்: "குமரேசன், வாயத் தெறக்கக் கூடாது. மூஞ்சியும் மாறக் கூடாது. அவங்களே கண்டுபிடிக்கணும். ஒரு வார்த்த வந்தாலும் டெஸ்ட் போச்சு."

சரி என்று தலையாட்டினேன்.

மேசையில் இருந்த செயற்கைக் கை அசையவே இல்லை. திரையில் கோடு நடுங்கியது, விழுந்தது. மனதில் தோன்றுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். செண்பகம் அக்கா, "இது எங்க வீட்டுக்காரரு மாதிரில்லா இருக்கு. எவ்வளவு சொன்னாலும் அசைய மாட்டேங்கு" என்றார். முன்னறையில் முறுக்கு நிறுத்துக்கொண்டிருந்த அவர் கணவர் இருமினார். மௌமிதா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். எழுத அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. என் திரையாக இருந்தால் இந்நேரம் கை மூடியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினான்காவது நிமிடம் செண்பகம் அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"உள்பக்கம் இறுக்குங்க" என்றேன்.

விரல்கள் மூடின. நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. மௌமிதா பேனாவை மூடினார்.

பார்கவி அக்கா குரலை உயர்த்தவில்லை. "இனிமே இவங்கள வச்சு இந்தத் திரைய டெஸ்ட் பண்ண முடியாது. வெட தெரிஞ்சுபோச்சு. முதல் தடவங்கறது ஒருத்தருக்கு ஒரு தடவதான் வரும்."

"விடு தாயி. கை மூடணும்னு என்னவிட அந்தத் தம்பிக்குத்தான் அவசரம்" என்றார் செண்பகம் அக்கா. எனக்காகப் பேசினார். ஆனால் அது உண்மை என்பதுதான் உறைத்தது.

பிறகு மௌமிதா தன் குறிப்பை இந்தியில் படித்துக் காட்டினார், பார்கவி அக்கா எனக்குத் தமிழில் சொன்னார். ஒன்பதாவது நிமிடத்தில் செண்பகம் அக்கா குனிந்து கோட்டுக்குக் கீழே எதையோ தேடினாராம். அங்கே ஒரு கையின் படம் இருந்து, எந்தத் தசை என்று காட்டியிருந்தால் போதும் என்று மௌமிதா எழுதியிருந்தார். நானும் அதே அறையில் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன், அவர் குனிந்ததையே பார்க்கவில்லை. என் பதினாறு வண்ணத் திரையிலும் கையின் படம் கிடையாது. பென் டிரைவை வெளியே எடுக்கவே இல்லை.

வெளியே வந்ததும் மௌமிதா மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார், இரண்டு ரூபாய். அவர் நல்லவராக வேறு இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள், மறந்தால் கரியாஹாட் நடைபாதையில் பேரம் பேசி வாங்கலாம். மெட்ரோவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு சோதனையைப் பார்க்கக் கிடைத்தால் உங்கள் சொந்த வேலையை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சட்டைப்பையில் இருந்தால் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சொல்ல மறந்தது: அறையை விட்டுக் கிளம்பும்போது மௌமிதாவின் நோட்டுப் புத்தகத்தில் அன்றைய பக்கம் திறந்தே கிடந்தது. கடைசி வரி ஆங்கிலத்தில் இருந்தது: செல்லாது, காரணம், குமரேசன் பேசிவிட்டார். என் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தார்.

போன வாரம் புது இடுகை வந்தது. திரையில் பச்சைக் கோட்டுக்குக் கீழே இப்போது ஒரு கையின் படம் இருக்கிறது. நன்றி வரியை இரண்டு தடவை படித்தேன். செண்பகம், மௌமிதா.

பன்னிரண்டு.