தோல் கலர் துணி

கண்ணுகளா, கேபிள் டிவியில் போட்ட அந்தப் படத்தில் "முன் வரிசையில உட்கார்ந்து பார்த்தேனுங்க" என்று சொன்னது உங்கள் அப்பன்தான். பள்ளிக்கூடத்தில் அதை வைத்து உங்களைக் கேலி செய்தார்கள் என்று அம்மா சொன்னாள். நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பேச வராதவன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், என்றாலும் எழுதினால் பாதியில் நிறுத்தாமல் சொல்லிவிடுவேன். என் மானத்துக்காக இதை எழுதவில்லை. அந்தப் படம் ஒரு பெண்ணைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. நீங்களாவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்பதுகளில் நான் சாமளாபுரத்திலிருந்து திருப்பூர் வந்து ஒரு பனியன் கம்பெனியில் டைலராக இருந்தேன். மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் தனி அறை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜின் மாடியில், படத்தில் காட்டிய அந்தக் கிளப் இருந்தது. குடி, சீட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அந்தப் படியேறுகிற கூட்டம்தான் பகலில் அந்தத் தெருவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அங்கே ஆடுகிறவள் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் ஆடுகிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. பார்த்தவனும் அதைத்தான் சொன்னான், பார்க்காதவனும் அதைத்தான் சொன்னான்.

அவள் துணி போட்டிருந்தாள். அதைத் தைத்தது நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் நான் மட்டும் இருந்தேன். லீவு நாளில் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்க முடியாது, அதனால் முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு மெஷினுக்கு எண்ணெய் விடப் போய்விடுவேன். குடையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். மெட்ராஸ் பேச்சு.

"கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துணியா வேணும்ண்ணே. கையும் முழுசா. போட்டா போட்டதே தெரியக் கூடாது."

"ஏனுங்க, தெரியக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குங்க போடறது?"

"குளிருதுண்ணே" என்று சொல்லிச் சிரித்தாள். அப்போதுதான் அவள் யார் என்று எனக்குப் புரிந்தது.

சாயப்பட்டறையில் தெரிந்த பாய் ஒருவரிடம் மிச்சத் துணியைக் கொடுத்துத் தோல் கலரில் முக்கித் தரச் சொன்னேன்.

"இந்தக் கலர்ல பனியன் போட்டா வெறும் உடம்போட நிக்கிறான்னுல்ல நினைப்பாங்க? யாருக்கு இது?" என்று பாய் கேட்டார்.

"எக்ஸ்போர்ட் சாம்பிளுங்க பாய்."

"வெளிநாட்டுக்காரனுக்கு வேற வேலையே இல்ல."

முதலில் வந்த துணித்துண்டை அவள் தன் முழங்கைமேல் வைத்துப் பார்த்தாள். "இது வெள்ளைக்காரிக்கு ஆகும். எனக்கு இன்னும் கொஞ்சம் டிகாஷன் ஊத்தச் சொல்லுங்க" என்றாள். மறுபடி முக்கியது பொருந்திவிட்டது. தையல் மேடு வெளியே தெரியாதபடி ஃபிளாட்லாக் மெஷினில் தைத்தேன்.

தையல் தாங்குகிறதா என்று நானே வந்து பார்க்க வேண்டும் என்றாள். அப்படித்தான் ஒருமுறை அந்த முன் வரிசையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் கம்பெனி ஓனர்கள், கட்டிங் மாஸ்டர்கள். விரலில் தொட்டாலே துணியின் தரத்தைச் சொல்லிவிடுகிற ஆட்கள். சிவப்பு லைட்டில் அவள் கையைத் தூக்கியபோது பக்கத்தில் இருந்த கட்டிங் மாஸ்டர் என் தொடையைக் கிள்ளி, "பார்த்தியா, ஒண்ணுமே இல்ல" என்றார். நான் அவளுடைய தோள் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரியவில்லை.

அதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பனியன் ஊருன்னு பேரு. ஒருத்தனுக்கும் துணி தெரியல" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. துணின்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வருவான்?" என்றாள்.

நான் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு ஆளும் இல்லை. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழிசல் தைக்க வருவாள். நான் தைத்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து ஏதாவது பேசுவாள். அந்த நாட்களில் வேலையைத் தவிர வேறு பேச்சு என்னிடம் பேசியவள் அவள் ஒருத்திதான்.

பிறகு போலீஸ் வந்து கிளப்பை மூடியது. அவளுக்கு ஊரைவிட்டுப் போக மனமில்லை. ஏதாவது கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன், உங்கள் லைனில் ஒரு அறை இருக்கிறதா என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கார அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"துணியில்லாம ஆடினவளுக்கு எங்க ஊட்டுல எடமில்லீங்க."

"இல்லீங்கம்மா, அது துணிதானுங்க. நான்தான் தச்சுக் கொடுத்தேன்" என்றேன்.

"ஓ, நீதான் தச்சியா? அப்படீன்னா நீயும் அடுத்த மாசம் வேற எடம் பார்த்துக்க."

தெருமுனை வரை அவள் என்னோடு நடந்து வந்தாள். "உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. அறை பார்த்து முதலிபாளையம் பக்கம் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து சைக்கிளிலேயே கம்பெனிக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். யாரும் வரமாட்டார்கள்.

நீங்கள் பிறந்து, வீட்டுக்குக் கேபிள் டிவியும் வந்த பிறகு, உள்ளூர் சேனல்காரர்கள் அந்தக் கிளப்பைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்று என்னைத் தேடி வந்தார்கள். வேண்டாம் என்றாள் அம்மா. எனக்கு வேறு நினைப்பு. அவள் எங்காவது இருப்பாள், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கலாம், ஊரறிய ஒருமுறையாவது அந்த உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சாயம் முக்கியதிலிருந்து வீட்டுக்கார அம்மா சொன்னது வரை எல்லாவற்றையும் கேமரா முன்னால் சொன்னேன். படம் எடுத்த தம்பி மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது, "அண்ணே, பனியன் போட்டுட்டு ஆடினாங்கன்னு காட்டினா எவன் பார்ப்பான்?" என்றார்.

படம் போட்ட அன்று பக்கத்து வீட்டுக்காரர்களும் நம் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் பேசியதில் அந்த முன் வரிசை வரி ஒன்றுதான் வந்தது. அதையடுத்து, ஆடையில்லாமல் ஆடியவள் என்று ஒரு கனத்த குரல் சொன்னது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

படத்தை மறுபடியும் போடப்போவதாக மண்ணரை பஸ் ஸ்டாப் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். அதில் அவளுடைய பழைய போட்டோ. கீழே அதே வார்த்தைகள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினேன். டீக்கடைகூடத் திறந்திருக்கவில்லை. தெருக்குழாயில் டிபன் மூடி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து போஸ்டரை நனைத்தேன். பசை இளகும்வரை நின்றேன். பிறகு மேல் ஓரத்திலிருந்து, அவள் முகத்தில் கிழிசல் விழாதபடி, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். முழுசாக வந்துவிட்டது. முகம் உள்பக்கம் இருக்கும்படி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, குழாயில் கையைக் கழுவினேன்.