கோவல் வீட்டு லேனாவின் இடது கை

லேனா கோவல் பைக்கைக் கிளப்பினால் பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டு, "நீங்க முதல்ல போங்க, நான் அப்புறம் சுத்திக்கறேன்" என்று வழிவிடும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சஸ்காட்செவன் மாகாணத்துக் கோதுமை முழுவதும் அவள் போகிற பக்கமாகத்தான் சாயும். தெற்கே பறந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் ஒன்று, அவள் மேட்டைத் தாண்டிய உயரத்தைப் பார்த்து வெட்கப்பட்டுக் கீழே இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே கடந்தது. இதையெல்லாம் கண்ணால் பார்த்த சாட்சிகள் எங்கள் ஆஸ்டர் கிரீக்கில் இருக்கிறார்கள். குறைந்தபட்சம் நான் இருக்கிறேன்.

இதே லேனாதான் வார நாட்களில் எங்கள் ஊர் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டுகிறாள். சாலையில் ஒரு நரி குறுக்கிட்டால் பஸ்ஸை நிறுத்தி, அது அவசரமில்லாமல் மறுபக்கம் போய்ச் சேரும்வரை காத்திருப்பாள். மோட்டோகிராஸ் என்கிற மண்பாதை பைக் பந்தயத்தில், பெண்கள் பிரிவில், இரண்டு முறை கனடாவின் சாம்பியன். மண் மேடுகளைத் தாண்டித் தாண்டி அந்தரத்தில் பறக்கிறவள். ஆனால் பின்னால் ஒரு கிழட்டு டிராக்டர் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுவாள். அந்தப் பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன். பத்தாம் வகுப்பின் பாதியில், பள்ளிக்கூடமும் நானும் ஒருவருக்கொருவர் சரிப்பட்டு வரமாட்டோம் என்று சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். இப்போது என் அண்ணன் டெனிஸின் டிராக்டர் பட்டறையில் வேலை பார்க்கிறேன். லேனாவின் வீடு எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு மைலுக்குக் கடுகு வயல், அவ்வளவுதான்.

அவளுடைய இடது கையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்துப் பந்தயங்களில் கொடி பிடிக்க ஆள் கிடைக்காது. விதைப்புக் காலத்தில் யார் வயலை விட்டுவிட்டு வந்து நாள் முழுக்க மஞ்சள் துணியோடு நிற்பார்கள்? அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. டிராக்கில் யாராவது விழுந்து கிடந்தால், முதலில் பார்க்கிறவர் வேகத்தைக் குறைத்து இடது கையைத் தலைக்கு மேல் தூக்கவேண்டும். பின்னால் வருகிறவர்களும் வரிசையாகக் கை தூக்குவார்கள். பந்தயம் போனால் போகட்டும், ஆள் முக்கியம். ஒருமுறை பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கம் டெனிஸ் விழுந்து கிடந்தான். மேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் தெரியமாட்டான். லேனா முதல் இடத்தில் போய்க்கொண்டிருந்தாள். மேட்டின் உச்சியில் அவனைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்துக் கை தூக்கினாள், கடைசி இடத்துக்குப் போனாள். டெனிஸுக்கு ஒரு தோள்பட்டை எலும்போடு போயிற்று. இன்றைக்கும் எழுந்து நடமாடி, என் பங்குச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

போன வசந்தத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சின்ன அணி லேனாவை உலகப் போட்டிக்குக் கூப்பிட்டது. ஊரே பெரோகிக் கொழுக்கட்டை விற்றுப் பயணச் செலவுக்குச் சேர்த்துக் கொடுத்தது. முதல் சுற்றில் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவள் பட்டறையில் ஒரு டயர் மேல் உட்கார்ந்தாள். ஹெல்மெட் இல்லாமலேயே தலை கனக்கிற மாதிரி தொங்கவிட்டிருந்தாள்.

"எத்தனாவது வந்தே?" என்று டெனிஸ் கேட்டான்.

"இருபத்தேழு."

"நல்ல நம்பர்தான்," என்றேன். "அங்க வெப்பமே அவ்வளவு இருக்காதே."

"ஷெல்பி, வாயை மூடு," என்றான் டெனிஸ்.

"அவ பேசட்டும்," என்றாள் லேனா. "அங்க யாருமே என்கிட்ட பேசல. தொடக்கக் கோட்டுல பக்கத்துல நின்னவளுக்கு 'நல்லா ஓட்டு'ன்னு சொன்னேன். நான் ஏதோ சாபம் விட்ட மாதிரி பாத்தா. காலையில ரொட்டி மேல சாக்லேட் தூள் தூவிச் சாப்பிடறாங்க, பிறந்த நாள் மாதிரி. அதெல்லாம் பழகிடும். மணல்தான் முழங்கால் வரைக்கும் இழுக்குது."

எங்கள் களிமண்ணில் வளைவு வந்தால் முடுக்கியைத் தளர்த்தவேண்டும். ஆழமான மணலில் தளர்த்தினால் முன்சக்கரம் புதைந்து ஆளை முன்னால் வீசிவிடும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பயப்படுகிற இடத்தில்தான் முடுக்கியை இன்னும் திருகவேண்டும். அவள் அதைக்கூடப் பாதிப் பந்தயத்துக்குள் பிடித்துவிட்டாளாம். பதினைந்தாவது இடத்துக்கு ஏறியும் வந்திருக்கிறாள்.

"அப்புறம்?"

"முன்னால ஒருத்தி விழுந்தா." லேனா தன் இடது கையைப் பார்த்தாள். "தூக்கிட்டேன்."

டெனிஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அங்க ஒவ்வொரு மேட்டுக்கும் கொடிக்காரன் நிக்கறான். எனக்கு முன்னாடியே கொடி ஆட்டிட்டான். என் கை அதைப் பாக்கல, தானாப் போயிடுச்சு. ஒத்தைக் கையால மணல்ல வண்டி நிக்குமா? விழுந்தேன். எழுந்திரிக்கறதுக்குள்ள பன்னெண்டு பேர் தாண்டிட்டாங்க. அந்த அணி மேனேஜர், ஹெஸ்ஸல்னு பேரு, என்ன சொன்னார் தெரியுமா? 'நல்ல மனசு. அதை வீட்டுல வச்சிட்டு வா. அடுத்த சுற்றுல பதினஞ்சுக்குள்ள வரணும். மறுபடி கை தூக்கினா, உன் இடத்துக்கு வேற ஆள் இருக்கு.'"

அடுத்த சுற்று ஜூன் மாதம் பெல்ஜியத்தில், அதுவும் மணல். அதுவரை பஸ் ஓட்டுவாள். சாயங்காலமானால் ஆற்றங்கரை மணலில் பழகுவாள். மணலை அவள் பார்த்துக்கொள்வாள். கையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன், ஊரில் இதைவிட நல்ல கேலிக்கு வேறு வாய்ப்பு இல்லாததால்.

பழைய பந்தயச் சட்டைகளில் போன வருட வைக்கோலைத் திணித்துப் பொம்மைகள் செய்தேன். சாக்குத்துணியில் முகம் வரைந்தேன். ஒன்று எங்கள் ஹாக்கி பயிற்சியாளர், ஒன்று பாதிரியார், பல்லில்லாமல் சிரிக்கும் ஒன்று டெனிஸ். ஹெஸ்ஸலை நான் பார்த்ததே இல்லை, அதனால் அவருக்கு மீசை மட்டும் போட்டேன். ஒவ்வொரு நாளும் இவர்களை டிராக்கில் புதிய இடங்களில் கவிழ்த்துப் போடுவேன். லேனா மேட்டைத் தாண்டி வருவாள், பாதிரியார் குப்புறக் கிடப்பார், இடது கை விருட்டென்று மேலே போகும்.

கரையில் நின்று ஒலிபெருக்கியில் கேட்பேன்: "மிஸ், ஒண்ணுக்குப் போகணுமா?"

அடுத்த சுற்றில் டெனிஸ் பொம்மை. கை மறுபடி மேலே.

"யாருக்குடி டாட்டா காட்டறே? அவன் ஊருக்கெல்லாம் போகல, சும்மாதான் கிடக்கான்."

"கரைக்கு வந்தேன்னா உன்னையும் வைக்கோல் திணிச்சுப் போட்டுடுவேன்," என்று கத்திவிட்டுப் போவாள். பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரும் சேர்ந்து இடது கையைத் தூக்கினார்கள். கண்ணாடியில் அதைப் பார்த்து அவள் சிரித்ததாக ஒரு பொடியன் சொன்னான்.

கை சுலபத்தில் இறங்கவில்லை. மணலில் அவள் எத்தனை முறை விழுந்தாள் என்று யாரும் எண்ணவில்லை. விழுவாள், ஹெல்மெட்டில் இருந்து மணலைக் கொட்டுவாள், வண்டியைத் தூக்குவாள், திரும்பவும் அதே மேடு. பகல் முழுக்க ஐம்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வந்து இதைச் செய்தாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கையுறையோடு ஒட்டிக்கொண்டால், ஆற்றுத் தண்ணீரில் நனைத்து உரித்துவிட்டு மறுபடி ஏறுவாள். ஒரு நாளும் "போதும்" என்று அவள் முதலில் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கேலிக்காரி, பாராட்டிப் பேசிப் பழக்கமில்லை. எழுதிவிடலாம் போலிருக்கிறது.

ஒரு சாயங்காலம் பாதிரியாரைத் தாண்டிப் போனாள், கை அசையவில்லை. ஹாக்கி பயிற்சியாளரைத் தாண்டினாள், அசையவில்லை. டெனிஸ் பொம்மையைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டாள். நிஜ டெனிஸ் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

"என்னாச்சு?" என்றான்.

"நல்லாவே இல்ல, டெனிஸ். நீ கிடக்கறே, நான் பாட்டுக்குப் போறேன். இங்க வந்து ஓட்டறப்பவும் கை தூக்க மறந்துட்டா?"

"நீ என்ன என்னைக் கொன்னுட்ட மாதிரி பேசறே? அங்க கொடிக்காரனுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. அவன் வேலையை அவன் பாக்கட்டும். இங்க உன் வேலையை நீ பாரு."

"ரெண்டுக்கும் ஒரே கைதானே."

"தலையும் ஒண்ணுதான். பஸ் ஓட்டறப்ப மேடு தாண்டிக் குதிக்கறியா?"

"ஒரே ஒரு தடவை குதிச்சிருக்கா," என்றேன். "பள்ளிக்கூட வாசல்ல, வேகத்தடையில."

அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் டெனிஸ் பொம்மையையும் கை தூக்காமல் தாண்டினாள்.

பெல்ஜியத்தில் பிற்பகல் என்றால் எங்களுக்கு விடியற்காலை. குளிர்காலத்தில் பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் கூடத்தில், பனி உருகிச் சிமென்ட் தரை மட்டும் மிஞ்சியிருந்த இடத்தில், ஊர் கூடியது. சுவரில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு அதில் நேரலையைக் காட்டினோம். கூடத்துச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் மர்லீன் அந்த நேரத்திலேயே பெரோகி வறுத்துக்கொண்டிருந்தாள்.

லேனா மோசமாகத்தான் புறப்பட்டாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகப் பிடித்தாள். உடம்பு பின்னால், முடுக்கி திறந்தே இருந்தது. மணலில் அவள் வண்டி படகு மாதிரி போயிற்று. கடைசிச் சுற்றுகளில் பதினான்காவது இடம்.

"பதினஞ்சுக்குள்ளதானே கேட்டான்?" என்றாள் மர்லீன்.

"சத்தம் போடாதீங்க," என்றான் டெனிஸ், வேறு யாரும் சத்தம் போடாத கூடத்தில்.

பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி விழுந்தாள். மேலே பறந்த கேமரா எல்லாவற்றையும் காட்டியது. விழுந்தவள் எழாமல் கிடந்தாள். கொடிக்காரன் மஞ்சள் கொடியை ஆட்டினான். லேனா மேட்டை நோக்கி வந்தாள். அவள் இடது கையின் விரல்கள் ஹேண்டில்பாரிலிருந்து விரிந்தன. ஐந்து விரல்களும். மர்லீன் கரண்டியோடு அப்படியே நின்றாள். பெரோகி கருகும் வாசனை வந்தது.

விரல்கள் மறுபடி மூடிக்கொண்டன. கொடிக்கு மரியாதை கொடுத்து, குதிக்காமல் மேட்டின் மேல் உருண்டு இறங்கினாள், இரண்டு கைகளாலும் பிடித்தபடி. விழுந்தவளைத் தாண்டும்போது தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. கொடிப் பகுதி முடிந்த அடுத்த வளைவிலேயே முன்னால் போனவளைப் பிடித்துவிட்டாள். பன்னிரண்டாவது இடம். எங்கள் பாதிரியார் ஒரு மேஜை மேல் ஏறிவிட்டார். இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் லேனாவே கூப்பிட்டாள். டெனிஸ் போனை மேஜையில் வைத்து எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினான்.

"விழுந்த பொண்ணுக்கு ஒண்ணுமில்லையாம்," என்றாள் முதலில். "எழுந்து நடந்து போயிட்டா. ஹெஸ்ஸல் இந்த சீசன் முழுக்க இருக்கச் சொல்லிட்டார்."

கூடம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் போனருகே குனிந்தேன். "உன்னைக் கேலி பண்ணி ஜெயிக்க வச்சது நான். எனக்கு என்ன தரப்போறே?"

"ஷெல்பியா? உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தேன். நேத்து பயிற்சியில ஓரமா விழுந்தேன். ஒரு கல்லு தோள்ல நல்லாக் குத்திடுச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"அப்பதான் யோசிச்சேன். நம்ம ஆத்தங்கரை முழுக்கக் கல்லு. நான் அங்க விழாத இடமே இல்ல. ஒரு கல்லுகூடக் குத்தலையே, ஏன்?"

டெனிஸ் மெதுவாக என் பக்கம் திரும்பினான். "தினமும் காலையில பட்டறைக்கு லேட்டா வந்தது அதுக்குத்தானா? என் சாக்கெல்லாம் எங்க போச்சுன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மர்லீன் அடுப்பை அணைத்துவிட்டே வந்து பார்த்தாள்.

"பொம்மைங்களுக்கு முதுகு வலிக்குமேன்னு கல்லைப் பொறுக்கினேன்," என்றேன்.

"சரி," என்றாள் லேனா. "பொம்மை போடாத இடத்துல எதுக்குப் பொறுக்கினே?"