புதினா மிட்டாயும் ஒரு கடைவாய்ப் பல்லும்

நேற்றுக் காலை ஒரகடம் கூட்ரோடு கடையில், சீருடை போட்ட ஓர் இளைஞர் அவசரமாகப் புதினா மிட்டாயைப் பிரித்து வாயில் ஒதுக்கினார். அந்த வாசனை வந்ததும் எனக்கு இடது கடைவாய் கூசியது. அங்கே கூசுவதற்கு இப்போது பல்லே கிடையாது என்பது வேறு விஷயம்.

பல வருஷங்களுக்கு முன், சேரப்பணஞ்சேரியில் அறை எடுத்துத் தங்கிக் கம்பெனி வேலைக்குப் போய்வந்த எங்கள் ஒன்பது பேருக்கு ஒரு குளியலறை. கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்கு. பல் தேய்த்தால் பஸ் போய்விடும். அதனால் பஸ் ஏறியதும் ஆளுக்கொரு புதினா மிட்டாய். வாய் மணத்தால் பல் சுத்தம் என்று ஒருமனதாக முடிவு செய்திருந்தோம். தினமும் சர்க்கரையைப் பல்லில் ஊறவைக்கிறோம் என்பது ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. இத்தனைக்கும் எனக்கு வேலை மெயின்டனன்ஸ். மிஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, செக்லிஸ்ட்டில் டிக் அடித்து, ‘கோளாறு வருமுன் பார்க்கணும்’ என்று புது ஆட்களுக்கு வகுப்பு வேறு எடுப்பேன்.

ஒருநாள் டீ பட்டதும் பல் சுரீரென்றது. வேலை நிரந்தரமாகும் நேரம், லீவு கேட்கப் பயம். கிராம்பைக் கடித்துக்கொண்டு ஷிப்ட் பார்த்தேன். பத்தாம் நாள் வலி சட்டென்று நின்றது. அறைத்தோழன் சுடலை திருநெல்வேலிக்காரன். “வலி நின்னுட்டுல்லா? பொறவு டாக்டரு எதுக்குல?” என்றான். இருவரும் ஜிலேபி தின்று கொண்டாடினோம். கோளாறு அலாரத்தை அமுக்கிவிட்டு மிஷினை ஓட்டுகிறவனைக் கண்டபடி ஏசுகிற ஆள் நான்.

அடுத்த மாதம் கன்னம் வீங்கியது. பஸ் டிரைவர், “இன்னாப்பா, ஒரு பக்கம் மட்டும் மாடி வூடு கட்டிகினு கீற?” என்றார். பஸ்ஸே சிரித்தது.

ஸ்ரீபெரும்புதூர் பல் டாக்டரம்மா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “வலி நின்னப்ப சந்தோஷப்பட்டீங்களா? உள்ள நரம்பு செத்துப்போச்சு. இப்ப வேர் வரைக்கும் சொத்தை. கூசினப்பவே வந்திருந்தா அடைச்சே காப்பாத்தியிருக்கலாம்.”

“எப்படியாவது பாருங்க மேடம்” என்று கெஞ்சினேன். பிடுங்கிய பல்லைத் தட்டில் பார்த்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், அழுதுவிட்டேன்.

நேற்று அந்த இளைஞரைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. “தம்பி, பல் தேய்ச்சாச்சா?” என்று கேட்டேன். “பஸ்சு வந்துடும்ணா” என்று ஓடிவிட்டார்.

எங்கள் அறை இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். சுடலை ஊரோடு போய்விட்டான். நான் பார்த்துக்கொண்ட மிஷினை வேறு பிளான்ட்டுக்கு ஏற்றிப் போனார்கள். இன்னும் புதுசு மாதிரி ஓடுகிறதாம். ஓடாமல் என்ன? தினமும் நான் துடைத்தது அதைத்தானே.