வார்டுக்குள் துப்பாக்கி கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை ஆக்லாந்தில் ஒரு சினிமாவுக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் வேலையையே புரட்டிப்போட்ட ஒரு பெண்மணியின் வாழ்க்கைக் கதை. "மம்மி, இது உன் படம்!" என்றாள். ரிட்டயர்டு நர்ஸுக்கு வேறென்ன படம் காட்டுவார்கள்?

அழுக்குப் படுக்கை, காற்று வராத அறை, எதற்கெடுத்தாலும் "முடியாது" என்கிற ராணுவ அதிகாரிகள்... எல்லாரோடும் சண்டை போடுகிறார் கதாநாயகி. ஓர் அதிகாரி அவர் வழியை மறித்தபோது என் மனசு திரையை விட்டு நழுவிவிட்டது. நேராக ஃபிஜி. சவேனிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த வார்டு.

எங்கள் வார்டு சிஸ்டர் மெரெயோனி, ஃபிஜியப் பெண். எங்களோடு பேசுவது, அங்கே இந்தியர் எல்லாரும் பேசுகிற ஃபிஜி ஹிந்தியில். கரும்புத் தோட்டத்துத் தமிழ்ப் பெரியவர்களிடம் மட்டும் "வலிக்குதா?" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை! நோயாளியின் சொந்தக்காரர்கள் வெளியே வெயிலில் காத்துக்கிடந்த காலம் அது. மேலிடத்தோடு மல்லுக்கட்டி அவர்களைக் கட்டிலருகே உட்காரவைத்தவர் அவர்தான்.

முதல் ராணுவப் புரட்சி நடந்த வருஷம்; இந்தியர்கள் ஆதரித்த அரசை ராணுவம் கவிழ்த்திருந்தது. ஒரு நாள் காலையில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் வார்டுக்குள் வந்து நின்றான். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த சின்னசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "யம்மா, எதுக்கு வந்திருக்கான்? நம்மளப் புடிச்சிக்கினு போவவா?"

எனக்கும் தெரியவில்லை.

சிஸ்டர் நடந்து போய் அவன் முன்னால் நின்றார். "துப்பாக்கி வெளியே."

"எனக்கு ஆர்டர், சிஸ்டர்."

"இங்கே ஆர்டர் போடுறது நான். வெளியே வச்சிட்டு, கையைக் கழுவிட்டு வா. இந்தப் பெரியவரைத் தூக்கணும், ஆள் பத்தலை."

அவன் வெளியே போனான். கூட்டாளியிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான் — ஈரக் கையோடு! நாங்கள் மூவரும் சின்னசாமியைத் தூக்கிப் புதுப் படுக்கையில் கிடத்தினோம்.

"பாவம், இவன் கையும் நடுங்குது" என்றார் சின்னசாமி.

அதற்கப்புறம் நாட்டை விட்டு டாக்டர்கள் போனார்கள், நர்ஸுகள் போனார்கள். எங்களுக்கும் நியூசிலாந்து விசா வந்தது. விடைபெறப் போனபோது சிஸ்டர் படுக்கை விரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அந்த முனையைப் பிடி" என்றார். பிடித்தேன். இரண்டு பேருமாக அந்த வரிசைக் கட்டில் எல்லாவற்றுக்கும் விரித்து முடித்தோம். கடைசியில் என் கன்னத்தைத் தட்டி, "போ. நல்லா இரு" என்றார். அவர் போகவில்லை. அடுத்தடுத்த புரட்சிகளிலும் அங்கேயேதான் இருந்தார்.

படம் முடிந்ததும் தியேட்டர் வாசலிலிருந்தே சிஸ்டருக்குப் போன் போட்டேன். இப்போது ஃபிஜியிலேயே, லாமியில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். கத்திக் கத்திக் கதை முழுக்கச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா படத்துல எங்கேயாச்சும் உக்காந்தாங்களா?" என்றார்.

யோசித்தேன். "இல்லை, சிஸ்டர்."

"அப்போ நெஜமான நர்ஸுதான்!"