இருபத்து நாலாவது படம்

மூன்று சுருள், சுருளுக்கு எட்டுப் படம், ஆக இருபத்து நான்கு. ஸ்டூடியோக்காரர் கொடுத்த சீட்டிலும் இருபத்து நான்கு என்றே இருந்தது. காக்கி உறைக்குள் இருந்தவை இருபத்து மூன்று. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது பம்ப் செட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். படத்தில் நாற்பது உறுப்புகள் இருந்தால் பட்டியலிலும் நாற்பது இருக்கிறதா என்று சரிபார்ப்பது என் வேலை. பாலிடெக்னிக்கில் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மேலதிகாரி ஒருமுறை பாராட்டினார். அந்தப் பழக்கம் அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது என்பதையும், அதனால் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் கோயம்புத்தூரில் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தார்கள். அப்பா ஸ்பின்னிங் மேஸ்திரி, சித்தப்பா ஒர்க் ஷாப்பில் டர்னர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் தன் பெட்டிக் கேமராவைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் அதற்குப் 'பொட்டி' என்று பெயர். சித்தப்பாவின் மனைவி, எங்கள் சின்னம்மா, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு பொட்டியையும் மெல்லிய துணியால் துடைத்து வைப்பாள். அவளுக்கும் பொட்டிக்கும் அதற்கு மேல் சம்பந்தம் உண்டு என்று யாரும் நினைத்ததில்லை.

சின்னம்மா மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் அப்பாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. புருஷனின் அண்ணன் என்றால் எங்கள் வீட்டில் அப்படித்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அக்கா, மாமாவுக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களான்னு கேளுங்க" என்பாள். அப்பா அம்மாவைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் ஐந்தடிகூட இருக்காது.

அம்மாவுக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. சித்தப்பாவைத் 'தம்பி' என்று கூப்பிட்டுச் சாதாரணமாகப் பேசுவாள். ஆனால் தலை முழுகிய நாளில் வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் போதும், ஈர முடியை அள்ளிக் கோடாலிக் கொண்டை போட்டுக்கொண்டுதான் கதவைத் திறப்பாள்.

அந்த வருடம் பொங்கலை ஒட்டி மில்லின் மனமகிழ் மன்றத்தில் புகைப்படப் போட்டி வைத்தார்கள். தொழிலாகப் படம் எடுப்பவர்கள் சேரக்கூடாது. ஆளுக்கு மூன்று படம் கொடுக்கலாம். எல்லாப் படங்களையும் கேன்டீன் சுவரில் மூன்று நாள் மாட்டி வைப்பார்கள், குடும்பத்தோடு வந்து பார்க்கலாம்.

சந்தேகப்படுவதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒருவர் குறைந்தவர்களில்லை. நடுவராக வரும் ஸ்டூடியோ முதலாளியின் மச்சினனும் போட்டியில் சேர்ந்திருக்கிறான் என்று சித்தப்பாவுக்குச் சந்தேகம். சித்தப்பா மேலேயே அப்பாவுக்குச் சந்தேகம். "நீ பாட்டுக்கு எதையாச்சும் மாட்டிப்போட்டுப் போயிருவே. நாளைக்கு நூறு பேருக்கு முன்னால நிக்கறவன் நானு. எதக் குடுக்கறதுன்னாலும் நான் பார்த்துட்டுத்தான் குடுக்கோணும்" என்று சொல்லிவிட்டார்.

படங்களுக்குப் பின்னால் பென்சிலில் எண் போட்டுப் பட்டியல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு எண், இடம், என்ன படம், எடுத்தவர் என்று பத்தி பிரித்தேன். எடுத்தவர் என்ற பத்தியில் முதல் வரியில் சித்தப்பா என்று எழுதிவிட்டு, கீழே இருபத்து மூன்றாம் வரிவரைக்கும் மேற்படி, மேற்படி என்று போட்டேன். இருபத்து நாலாம் வரி காலியாக நின்றது.

"ஒண்ணு காணமுங்க சித்தப்பா."

"அது பொகையாப் போச்சு அம்மணி. வெளிச்சம் பூந்துருச்சு."

புகையாய்ப் போன படத்தை யாரும் அச்சுப் போட்டு, சீட்டிலும் எண்ணிக் கொடுக்க மாட்டார்கள். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நோட்டின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பாவின் அறைக்கு வெளியே நான் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது இரண்டாவது கேள்விக்குறிக்கும் வேலை வந்தது.

"அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். நேரா மன்றத்துல குடுத்துப்போடறேன்" என்றார் சித்தப்பா.

"உங்க பேருலயே இருக்கட்டுங்க. செவுத்துல மாட்டி நான் ஒருக்கா பார்த்தாப் போதும்" என்றாள் சின்னம்மா. கெஞ்சுகிற குரல். கடைத்தெருவில் வளையல் கேட்கும்போதுகூட அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

மறுநாள் சின்னம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கும் அடியில் அந்தப் படம் இருந்தது.

மொட்டை மாடி. காலை வெயில். ஒரு பெண் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் சாம்பிராணிக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் தலைமுடியை விரித்துப் போட்டிருக்கிறாள். புகை முடிக்குள் புகுந்து தோளுக்கு மேல் எழும்புகிறது. முகம் தெரியவில்லை. ஆனாலும் அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள் என்பது எப்படியோ தெரிந்தது.

நான் முதலில் அடையாளம் கண்டது அந்தப் பெண்ணை அல்ல, கூடையை. அதன் விளிம்பு உடைந்தபோது அப்பா மில்லிலிருந்து செம்புக் கம்பி கொண்டுவந்து சுற்றிக் கட்டியிருந்தார். எண்ணினேன், ஏழு சுற்று. எங்கள் கூடை, எங்கள் மாடி. அப்படியானால் அது அம்மா.

செருப்புச் சத்தத்துக்கே கொண்டை போடுகிற அம்மா, சித்தப்பாவுக்கு முன்னால் எப்படித் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள்? என்ன தப்பு என்று தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. படத்தின் பின்னால் 24 என்று எழுதி, மற்றப் படங்களோடு சேர்த்து உறைக்குள் வைத்தேன். பட்டியலை முழுமையாக்கத்தான் அப்படிச் செய்தேன் என்றால் அது பாதி உண்மை. அவர்கள் பிடிபடுவதைப் பார்க்கவும் ஆசையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து அப்பா உட்கார்ந்தார். நான் எண் சொல்லி ஒவ்வொரு படமாக நீட்டினேன். அம்மா தூணோரமாக அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னம்மா தன் வழக்கமான இடத்தில், கதவுக்குப் பின்னால்.

"இதென்ன?"

"அணைக்கட்டுங்கண்ணா. உடுமலைப்பேட்டைக்கிட்டக் கட்டறாங்கல்ல."

"வெறுங் கல்லா இருக்குது."

"அணைன்னா கல்லாத்தானுங்க இருக்கும்."

"செரி, வெய்யி. இந்த மாடு யாருது?"

"சந்தையில பார்த்ததுங்க."

"கேட்டுப்போட்டு எடுத்தியா?"

"மாட்டையுங்களா?"

"மாட்டுக்காரன!"

கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அம்மாவும் முறத்துக்குள் குனிந்துகொண்டாள். போட்டிக்கென்று அணையும் மாடும் ஒரு தேர்ப் படமும் ஒரு பக்கமாகச் சேர்ந்தன. நான் இருபத்து நாலு என்று சொல்லிக் கடைசிப் படத்தை நீட்டினேன்.

சித்தப்பாவின் முகம் மாறியது. சிரிப்புச் சத்தமும் நின்றது.

"யாரு இது?" என்றார் அப்பா. "எந்த ஊட்டுப் பொம்பள? தலைய விரிச்சுப் போட்டு உக்காந்திருக்கறா, நீ பின்னால நின்னு படம் புடிச்சிருக்கற?"

"அண்ணா, அது வந்துங்க..."

"எந்த ஊட்டு மாடி இது? கேக்கறனல்லோ?"

சித்தப்பா சமையலறைக் கதவைப் பார்த்தார். பட்டியல் என்னிடம்தானே இருந்தது.

"அப்பா, கூடையப் பாருங்க. செம்புக் கம்பி, ஏழு சுத்து. நீங்க கட்டுனதுங்க. இது நம்ம மாடி."

அப்பா எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். கூடையைப் பார்த்தார். பிறகு படத்தை இறக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவை. திரும்பவும் அம்மாவை. அம்மாவின் கை தானாகப் போய்க் கொண்டையைத் தொட்டது. முறத்திலிருந்து அரிசி பாயில் சரிந்தது, அவள் அதை அள்ளவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டு எல்லோரும் மலைத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது சின்னம்மா கதவைத் தாண்டி வெளியே வந்தாள்.

"மாமா, நாந்தானுங்க எடுத்தேன்."

அப்பா வழக்கப்படி அம்மா பக்கம் திரும்பினார், அவள் அதைத் தன்னிடம் மறுபடி சொல்ல வேண்டும் என்பதுபோல. சின்னம்மா காத்திருக்கவில்லை.

"அன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க. அவரும் உங்ககூட மில்லுலதான் இருந்தாரு. அக்கா வேண்டாம் வேண்டாமுன்னுதான் சொன்னாங்க. மூஞ்சி தெரியாம எடுக்கறேன்னு நாந்தான் கேட்டேன். கீழ பாருங்க மாமா, நெழலு உழுந்திருக்குது. முந்தானை காத்துல பறக்குதுங்களா? அது அவரா இருக்க முடியுங்களா?"

அப்பா பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். படத்தின் அடிப்பக்கத்தில், அம்மாவை நோக்கி நீண்ட ஒரு நிழல். முழங்கைகள் இரண்டும் பொட்டியைப் பிடித்தபடி மடங்கியிருந்தன. இடுப்புக்குப் பக்கத்தில் முந்தானை விசிறியாய் விரிந்திருந்தது. கம்பிச் சுற்றை ஏழு என்று எண்ணிய நான் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அப்பா நெடுநேரம் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தை அம்மாவிடம் நீட்டினார்.

"எடுத்து வெய்யி. இது போக வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "பொட்டி நம்ம பீரோவுல இருக்கட்டும். வேணுங்கறப்பத் தம்பி கேட்டு வாங்கிக்கட்டும்" என்றார்.

சின்னம்மா அசையாமல் நின்றாள். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோலக் கதவுக்குப் பின்னால் போனாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, மாமாவுக்குக் காப்பி கலக்கட்டுங்களான்னு கேளுங்க."

"வேண்டாம்னு சொல்லு" என்றார் அப்பா.

அணையும் மாடும் தேரும் போட்டிக்குப் போயின. ஒன்றுக்கும் பரிசில்லை. நடுவரின் மச்சினனுக்கும் இல்லாததால் சித்தப்பா ஓரளவு சமாதானமானார். பொங்கலுக்கு மறுநாள் எல்லோரும் கேன்டீனுக்குப் போனோம். முதல் பரிசு வாங்கிய படத்தில் ஒரு பெண் தலையில் குடத்தோடு முதுகைக் காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தாள். அப்பா அதன் முன்னால் நின்று, "இது பரவால்ல" என்றார். சின்னம்மா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இரண்டு படங்களுக்கு நடுவே வெறுமையாக இருந்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறதோ என்று நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, இருபத்து நாலாம் வரியில் எடுத்தவர் என்ற இடத்தில் சின்னம்மா என்று எழுதினேன். கேள்விக்குறிகளை அழித்தேன். பட்டியல் சரியாகிவிட்டது என்று திருப்தியாக இருந்தது. மேற்படி என்று போட்ட மற்றப் படங்களிலும் அந்த முந்தானை நிழலைத் தேட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சின்னம்மா விளக்கை மட்டும் துலக்கினாள். அம்மா தலை முழுகிவிட்டுச் சாம்பிராணிக் கூடையை மாடிக்குக் கொண்டுபோகவில்லை. சமையலறைக்குள் அடுப்போரமாக உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு முடியை உலர்த்தினாள். புகை போக வழியில்லாமல் உள்ளே அவள் இருமுவது கூடம்வரை கேட்டது. தை மாதம், மாடியில் பனி அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வெயிலிலும் அம்மா அங்கேதான் உட்கார்ந்தாள்.