ஆட்டுக்கால் சூப்பும் சேஃப்டி ஷூவும்

நாங்கள் பிழைக்க வந்த தெலுங்கு ஊரான மல்லாபூரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் சேஃப்டி ஷூ இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. ஒருநாள் விடிகாலையில் என் இடது கால் கட்டைவிரலின் அடிமூட்டு தக்காளிபோல் சிவந்து வீங்கிவிட்டது. ஷூ என்ன, போர்வை நுனி பட்டால்கூட உயிர் போனது. இருபத்திரண்டு வருஷம் லேத் மெஷினில் நின்றவன், சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போனேன். அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

என் மனைவி எங்கள் வேலூர்ப் பக்கத்து வைத்தியத்தை ஆரம்பித்தாள். காலுக்குக் கால்தான் மருந்து. இந்த ஊரில் ஆட்டுக்காலுக்கா பஞ்சம்? ஓட்டலுக்கு ஓட்டல் பாயா கொதிக்கிறது. ஆனால் அவள் கடைச் சரக்கை நம்பமாட்டாள். தானே வாங்கி, மிளகு தட்டிப் போட்டு, எலும்பு குழைய வேகவைத்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியது. பார்த்தீர்களா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் சூப்.

வலி மறுபடி வந்தது. முதலில் வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கடைசியில் மாதாமாதம். லீவெல்லாம் தீர்ந்தது. ஷிப்ட் இன்சார்ஜ் தெலுங்கில் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். மூன்று மாதத்துக்குள் ஷூ போட்டு நிற்க முடியாவிட்டால் ஸ்டோரில் நாற்காலி போட்டுத் தருகிறாராம். நாற்காலியாம்! என் லேத்தை இன்னொருத்தன் ஓட்ட, நான் உட்கார்ந்து சாவிக்கொத்தைக் காவல் காக்கவா? முடியவே முடியாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாளே மனைவியோடு ஹப்சிகுடாவுக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, கவுட் என்றார். யூரிக் ஆசிட் கூடி, மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகிறதாம். வீக்கம் தானாகவே வற்றும், ஊசிகள் உள்ளேயே கிடந்து மூட்டை அரிக்கும். கவனிக்காமல் விட்டால் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். சூப் என்றேன், பெருமையாக. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஆட்டுக்கால், ஈரல், பீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

பஸ் ஸ்டாப்பில் என் மனைவி கேட்டாள்: “அப்போ நான்தான் உங்க காலைக் கெடுத்தேனா? நக்கோ, வேணாம்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

என் சிறுநீரகம் ஆசிடைச் சரியாக வெளியேற்றாததுதான் முதல் காரணம், சூப் கொஞ்சம் கூட்டியிருக்கும், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அவள் காதில் அது ஏறவில்லை.

டாக்டரம்மா எழுதித் தந்த, ஆசிடைக் குறைக்கும் மாத்திரையை வலி இல்லாத நாளிலும் போட வேண்டும். போட ஆரம்பித்த மூன்றாவது வாரமே கால் வீங்கியது. எனக்கு வந்த கோபத்தில் மாத்திரை அட்டையை ஜன்னல் வழியாக எறியப் போனேன். என் மனைவி கையைப் பிடித்தாள். பழைய படிவு கரையும்போது முதல் சில மாதம் வலி வரும், அதற்காக நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது.

“நான் குடுத்த சூப்பை ஒரு கேள்வி கேக்காம குடிச்சீங்க இல்ல? இதையும் அப்படியே முழுங்குங்க.”

முழுங்கினேன். வீக்கத்துக்குத் தனியாகத் தந்த மாத்திரையையும் சேர்த்து. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மாதமும் ஒருநாள் விடவில்லை. கெடு முடிந்த திங்கட்கிழமை ஷூவுக்குள் காலை விட்டேன். விரல் லேசாக முனகியது, அவ்வளவுதான். எட்டு மணி நேரம் என் லேத்தில் நின்றேன்.

சாயங்காலம் திரும்பும்போது, கடைச் சரக்கானாலும் பரவாயில்லை என்று ஒரு பாயா பார்சல் வாங்கினேன். ஆட்டுக்கால் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அந்த பஸ் ஸ்டாப்புக்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. பார்சலை நீட்டினேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் ஷூவைக் கழட்ட மாட்டேன்” என்றேன்.

அவள் கிண்ணம் எடுத்துவந்து உட்கார்ந்தாள். கடைசி எலும்பை அவள் உறிஞ்சி முடிக்கும்வரை வாசலிலேயே, இரண்டு காலையும் ஊன்றி நின்றேன்.