அபுந்தியோ இழுக்கும் காற்று

தொப்பியைக் காளையின் கொம்பில் மாட்டுகிறார் அபுந்தியோ. கோயிலுக்குப் புதுச் சொரூபம் வந்ததும் ஆர்கன் மாடத்துக்கு ஏற்றிவிட்ட பழைய புனித இசிதோரின் மரக்காளை அது. பிறகு செருப்பைக் கழற்றி, உள்ளங்கைகளில் எச்சில் தொட்டுக்கொண்டு, ஆர்கனுக்குப் பின்னால் போய் நிற்கிறார். அங்கே இரண்டு பெரிய தோல் துருத்திகள், இரண்டு கயிறுகள். மாறி மாறி இழுத்தால்தான் முன்னால் இருக்கும் குழாய்களுக்குக் காற்று. சுவரோரம் ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்குகிறது. காற்று குறைந்தால் அது இறங்கும். சுவரிலுள்ள கரிக்கோட்டைத் தாண்டி இறங்கவிட்டால் ஆர்கன் ஆடு மாதிரி கத்தி அடங்கிவிடும்.

சோளக்காட்டு வேலை போக அவருக்கு இதுதான். கூலி கிடையாது, ஊர் வேலை. "மாட்டுக்கும் நான்தான் தண்ணி காட்டுறேன், மாதாவுக்கும் நான்தான் காத்து குடுக்கறேன்" என்பார்.

கொஞ்ச நாளாகப் பேச்செல்லாம் பேத்தியைப் பற்றித்தான். எதிரே வருகிறவர்களின் கழுதையை நிறுத்திச் சொல்வார். ஆள் போய்விட்டால் கழுதையிடம் சொல்வார். "கொட்டாவி விட்டா பாரு, அப்பிடியே எங்க அம்மா! பல்லு இல்லாததுகூட அதே மாதிரி!"

பேத்தியின் அம்மா, அவர் மகள் ஓடிலியா, புல்லாங்குழல் வாசிப்பவள். இசிதோர் திருநாளன்று ஆர்கனோடு சேர்ந்து அவள் வாசிப்பது வழக்கம். இந்த வருடம் ஓஹாக்கா நகரத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் காற்று படாமல் கதவடைத்துப் படுக்க வேண்டும். அது முடிந்த கையோடு திருநாள் வந்துவிட்டது. ஓடிலியாவின் மாமியார் கஸிமிராவுக்குப் பொறுக்கவில்லை.

"காத்தே ஆகாதுன்னு துணிய வச்சு சன்னல அடைச்சிருக்கேன். இவ காத்தையே ஊதப் போறாளாம்! சொல்லிட்டேன் சம்பந்தி, நடுவுல மூச்சு முட்டி நின்னான்னா, பிள்ள நடக்கற வரைக்கும் குழல் பெட்டிக்குள்ளதான்."

"ஊதிருவா" என்றார் அபுந்தியோ.

ஆனால் ஒத்திகையைக் கெடுத்தது அவர்தான். ஆர்கன் ஓரமாக எட்டி மகளின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு இழுக்கையில் இவரும் இழுத்தார். அவள் ஊதுகையில் இவர் கை அப்படியே நின்றது. ஆடு கத்தியது. ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த எர்மீலா, ஓடிலியாவின் ஞானத்தாய், அந்த உறவில் அபுந்தியோவுக்குக் கொமாத்ரே, எழுந்தே வந்துவிட்டாள்.

"கொம்பாத்ரே! அவளுக்கு ஆண்டவர் நுரையீரல் குடுத்திருக்காரு. எனக்கு நீருதான் நுரையீரல்! குண்டைப் பாரும்!"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் கொமாத்ரே."

"எங்க, அவ முதுகுலயா தொங்குது?"

திருநாள் மாலை கோயில் நிறைந்திருந்தது. கஸிமிரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடத்துக்கே ஏறி வந்து, துருத்திக்குப் பக்கத்தில் காவல் மாதிரி உட்கார்ந்தாள். அபுந்தியோ மகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கண் குண்டின் மேல், கை கயிற்றின் மேல்.

மூன்றாவது பாட்டின் நடுவில் குழல் நின்றுவிட்டது.

ஆர்கன் மட்டும் ஒரே சுரத்தில் ஒலித்தது. எர்மீலா கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் காத்திருந்தாள். அபுந்தியோவின் கழுத்து தானாகத் திரும்பப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். வலது, இடது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. குண்டு கோட்டுக்கு மேலேயே நின்றது. கீழே யாரோ இருமினார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று கஸிமிரா ஆரம்பித்தாள்.

அப்போது அந்தச் சுரத்தின் மேலேயே மெல்ல வந்து உட்கார்ந்தது குழல். முதலில் நடுங்கியது. பிறகு நடுக்கம் விட்டு, பாட்டு முடியும் வரை நிற்கவே இல்லை.

கீழே கைதட்டல் கிளம்பியது. கஸிமிரா முந்தானைத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்தாங்க சம்பந்தி, பிள்ளயப் பிடிங்க. அவளுக்குச் சூடா சோளக்கஞ்சி கொண்டாறேன். தொண்ட காஞ்சிருக்கும் பாவம். அடுத்த வருசமும் ஊதணும்ல."

அபுந்தியோ பேத்தியை இடது தோளில் சாய்த்துக்கொண்டார். எர்மீலா ஆர்கன் மூடியைச் சாத்திப் பூட்டிவிட்டாள். அவருடைய வலது கை மட்டும் இன்னும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.